வெளிநாடு போகும் குடிக்காதவருக்குச் சில வழிமுறைகள்

காட்பாடியிலிருந்தும் சத்துவாச்சாரியிலிருந்தும், விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள், குளிர் உடை, அரிசி, வாடகை முன்பணம் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, எழுந்து போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "அண்ணா, அங்க குடிக்கலன்னா நம்மள சேத்துக்க மாட்டாங்களாமே, நெஜமா?" அப்பா அம்மா எதிரில் கேட்க முடியாத கேள்வி என்பதால் அது கடைசியில் வருகிறது. ஆனால் போய்ச் சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் அவர்களை அதிகம் சங்கடப்படுத்தப் போவது பெரும்பாலும் இதுதான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 11 ஆண்டுகளும் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 4 ஆண்டுகளும் வேலை பார்த்து, ஒரு சொட்டும் தொடாமல் வேலூருக்குத் திரும்பியவன் என்ற முறையில், வாசற்படியில் நின்று அவசரமாகச் சொல்லி அனுப்பும் பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

ஒதுக்க மாட்டார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை எப்படிக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகிறது.

ஏன் கேட்கிறார்கள்?

நம் பக்கத்தில் குடிக்காதவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1938-இல் சித்தூருக்கும் கடப்பாவுக்கும் வந்து, 1939-இல் வடஆற்காட்டுக்கு வந்தது. மாகாணம் முழுவதற்கும் பரவியது 1948-இல்தான். அந்தச் சட்டம் 1971-இல் நிறுத்தப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்து, பிறகு தளர்ந்து, 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்தும் நிலைக்கு வந்திருக்கிறது. இருந்தாலும் எங்கள் ஊர்களில் குடிப்பவர்தான் இன்றும் மறைத்துக் குடிக்கிறார். குடிக்காதவர் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்து வீடுகளில் மார்க்கத்தின் காரணமாகவும், மற்ற வீடுகளில் சாராயம் சீரழித்த ஏதோ ஒரு சித்தப்பாவின் நினைவாலும், குடிக்காமலிருப்பது பேசாமலே புரிந்துகொள்ளப்படுகிற ஒன்று.

ஐரோப்பாவிலும் கிழக்கு ஆசியாவிலும் நிலைமை தலைகீழ். அங்கே குடிப்பது பேசாமலே புரிந்துகொள்ளப்படுகிறது, குடிக்காதவர் விளக்கம் தர வேண்டியவராகிறார். எதிரில் இருப்பவர் மனத்தில் உடனே சில ஊகங்கள் ஓடும்: இவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது, அல்லது முன்பு குடிநோயாளியாக இருந்து மீண்டவர், அல்லது மதக் கட்டுப்பாடு, பெண்ணாக இருந்தால், கர்ப்பமாக இருக்கிறாரோ. இந்த ஊகங்களுக்கும் அடியில் அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் இருக்கிறது. அதை நான் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஸ்டுட்கார்ட் அலுவலகத்தில் ஒருவருடைய பதவி உயர்வுக்காக நண்பகலிலேயே 'ஸெக்ட்' என்னும் நுரை ஒயினை ஊற்றினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அணைக்கட்டுப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் சாராயத்தால் அழிந்த குடும்பங்களைப் பற்றி நான் உள்ளம் உருகிச் சொல்லத் தொடங்கினேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கையில் கோப்பையோடு நின்ற எட்டுப் பேரும் பேச்சிழந்து போனார்கள். ஒருவர் தன் கோப்பையை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டார். வெகுநாள் கழித்து அவரே என்னிடம் சொன்னார்: "அன்றைக்கு நீ என்னையும் அந்தக் குடும்பங்களை அழித்தவர்களையும் ஒன்றாகப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்." நான் அவரைப் பற்றி ஒன்றுமே நினைத்திருக்கவில்லை. குடிப்பவர் கேட்கும் 'ஏன்' என்ற கேள்விக்குள், 'என்னைத் தாழ்வாக எண்ணுகிறாயா?' என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், முதல் கேள்வியை அவர் மறந்துவிடுவார்.

மறுக்கும் முறை

முதலில், வேண்டாததைச் சொல்வதற்குப் பதிலாக வேண்டியதைச் சொல்லப் பழகுங்கள். "என்ன குடிக்கிறாய்?" என்று கேட்டால், "நான் குடிக்க மாட்டேன்" என்று தொடங்காமல், "எனக்கு எலுமிச்சைச் சோடா" என்று உடனே சொல்லிவிடுங்கள். தயங்கினால்தான் கேள்வி பிறக்கும். பாதிப் பேர் அதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

மீண்டும் கேட்டால், "நான் குடிப்பதில்லை, நீங்கள் சாப்பிடுங்கள், எனக்கு அதில் ஒன்றும் இல்லை" என்று புன்னகையோடு சொல்லுங்கள். இந்த வாக்கியத்தின் பின்பாதிதான் முக்கியம். மேலே சொன்ன பயத்துக்கு அதுவே பதில். மூன்றாம் முறையும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய காரணம் தேடினால், இன்னும் வற்புறுத்தினால் மனம் மாறிவிடுவார் போலிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றும்.

காரணம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் சொன்னால் அதோடு வாதாட வழி திறக்கிறது. விலை அதிகம் என்றால் நான் வாங்கித் தருகிறேன் என்பார்கள், கசப்பு என்றால் இனிப்பான மது இருக்கிறது என்பார்கள், நாளைக்கு வேலை என்றால் ஒன்றே ஒன்று என்பார்கள். மார்க்கம் காரணமாகக் குடிக்காதவர்கள் மட்டும் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்; அதோடு யாரும் வாதாடுவதில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லிப் பழகாதீர்கள். அந்தப் பொய் ஒரு வாரத்துக்குத்தான் செல்லும், அடுத்த வெள்ளிக்கிழமை உடம்பு சரியாகிவிட்டதா என்று அக்கறையோடு விசாரிப்பவர் முகத்தை நேராகப் பார்க்க முடியாது. 'இன்றைக்கு வேண்டாம்' என்பதும் அப்படியே. அது நாளைக்கு உண்டு என்று வாக்குக் கொடுப்பதாகிவிடும்.

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரு விதி உண்டு. முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மரியாதைக்காக முதல் முறை ஒரு வாய் குடித்துவிட்டு, மூன்றாம் முறை மறுப்பவரைத்தான் அதிகம் தொந்தரவு செய்வார்கள். 'அன்றைக்கு அவரோடு குடித்தாயே, என்னோடு மட்டும் ஏன் மாட்டேன் என்கிறாய்' என்ற மனவருத்தம் அப்போதுதான் வரும்.

கையில் எப்போதும் நிறைந்த கோப்பை ஒன்று இருக்கட்டும். வெறுங்கையைப் பார்த்தால் உபசரிப்பவருக்குக் குறையாகத் தெரியும். அவர் நம் ஊர்ப் பந்தியில் வெறும் இலையைக் கண்ட பெரியம்மாவைப் போல ஓடி வருவார். எல்லோரும் கோப்பையை உயர்த்தும்போது நீங்களும் உயர்த்துங்கள். ஜெர்மனியில் 'ப்ரோஸ்ட்' என்று சொல்லிக் கோப்பையை இடிக்கும் நேரத்தில் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, கண்ணைப் பார்த்தீர்களா என்பதையே அங்கே கவனிக்கிறார்கள்.

என்ன கேட்டு வாங்குவது

ஜெர்மனியில் 'ஆப்ஃபெல்ஷோர்லே' என்று கேளுங்கள். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. பார்ப்பதற்கு பியர் போலவே இருப்பதால் யார் கண்ணையும் உறுத்தாது. இருப்பதிலேயே மலிவான மதுவைவிட விலை கூடாத மதுவற்ற பானம் ஒன்றாவது அங்குள்ள உணவகங்களில் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எனவே பானப் பட்டியலை முழுவதும் பாருங்கள். 'ராட்லர்' என்பதை எலுமிச்சைப் பானம் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நம் மாணவர்களில் பலர். அதில் பாதி பியர். 'ஆல்கோஹோல்ஃப்ரை' என்று எழுதிய பியரிலும் 0.5 விழுக்காடு வரை மது இருக்கலாம். அறவே கூடாது என்பவர்கள் 0.0 என்று அச்சிட்டதைத் தேட வேண்டும். டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் சந்தையில் எல்லோரும் மசாலா போட்ட சூடான ஒயின் குடிக்கும்போது, 'கிண்டர்புன்ஷ்' என்று கேட்டால் குழந்தைகளுக்கான சூடான பழச்சாறு அதே போன்ற குவளையில் கிடைக்கும். குளிருக்கு இதமாக இருக்கும்.

இங்கிலாந்தில் லைம் அண்ட் சோடா, ஜிஞ்சர் பியர் இரண்டும் எங்கும் கிடைக்கும். ஜிஞ்சர் பியர் பெயரில்தான் பியர். ஆனாலும் மது சேர்த்த வகையும் உண்டு என்பதால் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் பப்பில் காசு வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். 'சைடர்' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அமெரிக்காவில் அது பெரும்பாலும் வெறும் ஆப்பிள் சாறு, இங்கிலாந்தில் அது மது.

தட்டில் இருப்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. திராமிசு, ரம் அண்ட் ரெய்சின் ஐஸ்கிரீம், ஜெர்மனியின் கறுப்புக்காட்டு கேக், இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புட்டிங், சுவிட்சர்லாந்தின் பாலாடைக்கட்டி ஃபோண்டூ ஆகியவற்றில் வழக்கமாக மது சேர்ப்பார்கள். ஜப்பானியச் சமையலில் சாக்கே, மிரின் என்னும் அரிசி மதுக்கள் நம் வீட்டில் புளியைப் போலச் சாதாரணமாகக் கலக்கின்றன. சமைத்தால் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள், முழுவதும் ஆவியாவதில்லை. ஏற்பதா விடுவதா என்பது அவரவர் மனச்சாட்சி, ஆனால் தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

நாட்டுக்கு நாடு

இங்கிலாந்தின் பப்பில் 'ரவுண்டு' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை அடுத்தவர். குடிக்காதவர் இதில் கலந்துகொள்ளாமல் தன் சோடாவைத் தானே வாங்கிக்கொண்டால் கஞ்சன் என்று பெயர் வரும். கலந்துகொண்டால் அவர் சோடாவுக்கு ஐந்து பேரின் பியர் விலை கொடுக்க நேரும். நான் கண்ட வழி, முதல் ரவுண்டை நானே வாங்குவது. கவுண்டருக்குப் போவது நான் என்பதால் எனக்கு என்ன வாங்கினேன் என்று யாரும் கேட்பதில்லை, முதலில் வாங்கியவர் என்ற நல்ல பெயரும் நிற்கும், இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் எழுந்து வந்தால் யாருக்கும் கடன் இல்லை. இரண்டு ரவுண்டுக்குப் பிறகு பேச்சு பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒன்றே வரும். அதற்குமேல் இருந்து பெறுவதும் அதிகம் இல்லை.

ஜப்பானில் அலுவலகக் குடிவிருந்துக்கு 'நோமிகாய்' என்று பெயர். முதலில் எல்லோருக்கும் பியர் சொல்லிவிடுவார்கள். அந்த நொடியிலேயே 'ஊலாங் தேநீர்' என்று சொல்லிவிட வேண்டும். அங்கே கணிசமானவர்களுக்கு மதுவைச் செரிக்கும் நொதி பிறவியிலேயே குறைவு, ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்துவிடும். அதனால் உடம்பு ஏற்காது என்ற சொல்லை அவர்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் குடிக்காவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியாகும்போது ஊற்றிக் கொடுப்பது அங்கே மரியாதை. அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் தட்டுகளை எடுத்துக் கொடுங்கள். கலந்துகொண்டீர்கள் என்பதே அவர்களுக்கு வேண்டியது.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வியாபாரத்தில் இருப்பவர்கள் சீனாவில் விருந்துக்கு அழைக்கப்படும்போது, அங்கே தேநீரை மதுவுக்கு ஈடாக உயர்த்துகிறேன் என்று சொல்லும் வழக்கம் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். 'யி சா தாய் ஜியூ' என்பது அந்தச் சொல். கோப்பையை இடிக்கும்போது பெரியவரின் கோப்பை விளிம்புக்குக் கீழே உங்கள் விளிம்பு இருந்தால், பணிவைக் காட்டிவிட்டீர்கள். இத்தாலியில் சிரமமே இல்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ப் பாட்டில் எப்போதும் இருக்கும்.

வளைகுடாவில் பிரச்சினை வேறு. குவைத்திலும் ஷார்ஜாவிலும் மதுவுக்குத் தடை. சவுதியிலும் வெளிநாட்டுத் தொழிலாளி குடித்துப் பிடிபட்டால் வேலையும் போகும், ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் தொழிலாளர் தங்கும் அறைகளில் திருட்டுச் சரக்கு புழங்கும். அது பிடிபட்டால் குடித்தவர், குடிக்காதவர் என்று முதலில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட அறையில் நல்லவனாக இருந்தால் போதும் என்று எண்ணாமல், அறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள்

நான் சந்தித்த வற்புறுத்தலில் மிகக் கடுமையானது வெள்ளைக்காரர்களிடமிருந்து வரவில்லை, நம்மவர்களிடமிருந்தே வந்தது. ஜெர்மானியர் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுவார். நம் ஆட்களோ, "இன்னா மச்சி, இவ்ளோ தூரம் வந்தும் இன்னும் அம்மாவுக்குப் பயந்துனு கிறியா? சும்மா கம்பெனி குடு" என்று இரவு முழுவதும் விட மாட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடும் வீடுகளில், பெண்களும் குழந்தைகளும் கூடத்தில், ஆண்கள் பாட்டிலோடு பால்கனியில் அல்லது கார் ஷெட்டில் என்று இரண்டு வட்டங்கள் தாமாகவே உண்டாகிவிடுகின்றன. குடிக்காத ஆண் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறான்.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரில் மறைத்துச் செய்ததை அங்கே வெளிப்படையாகச் செய்கிறார்கள். குடிக்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால், விட்டுவந்த ஊரே எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல் அவர்களுக்கு இருக்கிறது. 'இவன் ஊரில் போய்ச் சொல்லிவிடுவானோ' என்பது உண்மையான அச்சம். எனவே ஊருக்குப் பேசும்போது யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்ற பேச்சை ஒருபோதும் எடுக்காதீர்கள். ஆறு மாதம் அப்படி இருந்துவிட்டால் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும், வற்புறுத்தலும் தானாகக் குறையும். பால்கனிக்கும் போங்கள், ஒரு மணி நேரம் உட்காருங்கள், பிறகு கூடத்துக்கு வந்து பரிமாறுகிறவர்களுக்கு உதவுங்கள். அந்த உதவி அங்கே எப்போதும் தேவைப்படுகிறது.

காரோட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஏற்றுக்கொள்ளலாம்; குடித்தவரை ஓட்ட விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஸ்வீடனிலும் நார்வேயிலும் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம் மது இருந்தாலே குற்றம், ஜெர்மனியில் 50 மில்லிகிராம். ஜப்பானில் ஓட்டியவரோடு, அவருக்கு ஊற்றிக் கொடுத்தவரும் தெரிந்தே கூட ஏறியவரும் தண்டிக்கப்படுவார்கள். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறேன், வருபவர்கள் வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியும்வரை காத்திருக்கும் ஓட்டுநராகிவிடுவீர்கள். உணவகக் கணக்கைச் சமமாகப் பிரிக்கும் கூட்டமென்றால், உணவு சொல்லும்போதே, மதுவுக்குத் தனிக் கணக்கு போடச் சொல்லுங்கள். பில் வந்த பிறகு சொல்வதுதான் மனக்கசப்பை வளர்க்கும்.

பெண்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. வேலூரிலிருந்து செவிலியர்கள் பலர் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகிறார்கள். அங்கே குடிக்காத பெண்ணைக் கர்ப்பிணி என்று ஊகிக்கிறார்கள், நம்மவர் கூட்டத்திலோ பப்புக்குப் போனாள் என்பதே பேச்சாகிறது. வார்டில் ஒருவர் விடைபெறும் விருந்துக்குப் போய் எலுமிச்சைச் சோடா குடித்துவிட்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போகாமல் இருந்தால் தாதியர் அறையில் மறுநாள் எல்லோரும் பேசும் பேச்சில் இடமில்லாமல் போகும். அயர்லாந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: பப்புக்குப் பெயர்போன அந்த நாட்டில்தான், மதுவைத் தொடுவதில்லை என்று சபதம் செய்து சட்டையில் சின்னம் குத்திக்கொள்ளும் 'பயோனியர்' சங்கம் 1898-இல் தோன்றியது. வயதான அயர்லாந்துக்காரர்களுக்குக் குடிக்காதவர் புதியவர் அல்ல.

வீட்டுக்கு அழையுங்கள்

வேலை இடத்து முக்கியமான பேச்சுகள் பலவும் மாலை நேரத்து மேசையில் நடக்கின்றன, அவற்றைத் தவறவிட்டால் இழப்பு உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அதை ஈடுசெய்ய எனக்குக் கைகொடுத்தது சமையல். சேர்ந்த மூன்றாம் மாதத்துக்குள், மேலாளரையும் உடன் வேலை செய்பவர்களையும் ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கு அழைத்து, சீரகச் சம்பாவில் ஆம்பூர் பிரியாணியும் புளி போட்ட கத்திரிக்காயும் போட்டுப் பாருங்கள். அதன்பிறகு அலுவலகத்தில் நீங்கள் பிரியாணி செய்கிறவர். குடிக்காதவர் என்பது இரண்டாவது அடையாளமாகிவிடும்.

அழைக்கும்போதே ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். விருந்துக்கு வருபவர் ஒயின் பாட்டில் கொண்டுவருவது அங்கே பழக்கம். "எங்கள் வீட்டில் மது வைப்பதில்லை, பூ கொண்டுவந்தால் மகிழ்ச்சி" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தெரியாமல் கொண்டுவந்துவிட்டால் வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நன்றி சொல்லி வாங்கி ஓரமாக வைத்து, கிளம்பும்போது அவர் கையிலேயே அன்பாகக் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக, ஊருக்கு விடுமுறையில் வரும்போது நடப்பது. குடிக்காத உங்களிடம்தான் மாமாவும் பெரியப்பா மகனும் போன் செய்து, "வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கியா தம்பி, ஏர்போர்ட்ல விட்ருவாங்க" என்பார்கள். விடத்தான் செய்வார்கள், 2 லிட்டர் வரை தீர்வை இல்லை. முதல் பயணத்தில் வாங்கி வந்தால் ஒவ்வொரு பயணத்திலும் வாங்கி வர வேண்டும், குடியாத்தத்துச் சித்தி எந்தப் பாட்டிலைப் பார்த்து அழுகிறாரோ அது உங்கள் கையால் வந்ததாக இருக்கும். "நான் அதை வாங்குறதில்ல மாமா, உங்களுக்கு நல்ல ஸ்வெட்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்று முதல் பயணத்திலேயே சொல்லி, அந்த ஸ்வெட்டரை மறக்காமல் கொண்டுவாருங்கள்.